வென்ற காரிலிருந்து ஏன் புகை வருகிறது?

போன வாரம் என் அத்தை மகன் ஒரு காணொளி அனுப்பியிருந்தான். அமெரிக்காவில் எங்கோ ஒரு கார் பந்தயம். கட்டம் போட்ட கொடியை அசைத்து முடித்த சற்று நேரத்தில், முதலாவதாக வந்த கார் பார்வையாளர்களுக்கு எதிரே வந்து நின்று, பின்சக்கரங்களிலிருந்து வெள்ளை வெளேரென்று புகையைக் கக்குகிறது. கொஞ்ச நேரத்தில் கார் இருக்கும் இடமே தெரியவில்லை. கீழே அவன் எழுதியிருந்தது: “பாவம், ஜெயித்த நேரத்தில் வண்டி தீப்பிடித்துவிட்டது.”

தீப்பிடிக்கவில்லை. உள்ளே இருப்பவர் வேண்டுமென்றே செய்கிறார். அதைச் சொன்னதும், “அப்படியானால் அது விதியா?” என்று கேட்டான். விதியும் இல்லை. அந்தக் காலத்திலிருந்து வரும் வழக்கமா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் என்ற பெயரைக் கேள்விப்பட்ட பலருக்கும் அதன் கொண்டாட்டங்களைப் பற்றி இப்படி அரைகுறையான ஒரு சித்திரம்தான் இருக்கிறது. அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஸ்டாக் கார் என்றால்

ஸ்டாக் என்றால் கடையில் விற்பனைக்கு இருப்பு வைத்திருக்கும் சரக்கு. ஷோரூமில் வாங்கிய காரை அப்படியே ஓட்டிவந்து போட்டியிடுவதுதான் ஆரம்பகால ஸ்டாக் கார் பந்தயம். அதை ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவர, 1948-இல் ஃப்ளோரிடாவின் டேட்டோனா பீச்சில் பில் ஃபிரான்ஸ் முன்னின்று தொடங்கிய அமைப்பு நாஸ்கார். இன்றைய பந்தயக் காரில் ஷோரூம் சரக்கு என்று ஏதும் இல்லை. பெயரும் முகச்சாயலும் மட்டும்தான் மிச்சம். உள்ளே இரும்புக் குழாய்களாலான கூண்டு. திறக்கிற கதவே கிடையாது. ஓட்டுநர் ஜன்னல் வழியாக உடம்பை நுழைத்து உள்ளே இறங்கவேண்டும். எடை ஏறத்தாழ ஒன்றரை டன். இன்ஜின் முன்னால் இருக்கிறது. அது சுழற்றுவதோ பின்சக்கரங்களை. இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நினைவில் வைத்திருங்கள், புகைக்குப் போகும்போது வேண்டியிருக்கும்.

பந்தயப் பாதைகளில் பெரும்பாலானவை நீள்வட்டம். கார்கள் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி ஓடும். கோயிலில் நாம் பிராகாரம் சுற்றுவதற்கு நேர் எதிர்த்திசை. நீள்வட்டத்துக்கு நடுவே உள்ள திடலுக்கு இன்ஃபீல்ட் என்று பெயர். பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களில் பெரும்பாலோர் உட்காரும் படிவரிசைகள் பாதைக்கு வெளிப்பக்கம் இருக்கின்றன.

முகம் தெரியாத வெற்றியாளர்

கிரிக்கெட்டில் சதம் அடித்தவர் ஹெல்மெட்டைக் கழற்றுகிறார், மட்டையைத் தூக்குகிறார், வானத்தைப் பார்க்கிறார். அவர் கண் கலங்கினால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் பெரிய திரையில் தெரிகிறது. கோல் போட்டவர் ரசிகர்களை நோக்கி ஓடுகிறார். ஸ்டாக் கார் ஓட்டுநர் என்ன செய்வார்? தலையில் ஹெல்மெட். உடம்பு முழுக்கப் பட்டைகள். பக்கத்து ஜன்னலில், விபத்தின்போது கை வெளியே போய்விடாமல் தடுக்க ஒரு வலை. மூன்று, நான்கு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்த ரசிகனுக்கு, வென்றது ஒரு மனிதன் என்பதற்குக் கண்ணால் கண்ட சான்றே இல்லை. அவன் பார்த்தது ஓர் எண்ணையும் சில விளம்பர ஸ்டிக்கர்களையும்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்கக் கார்களில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். இடப்பக்கமாகவே சுற்றும் பாதையில் அந்தப் பக்கம் எப்போதும் உள்ளே, இன்ஃபீல்டைப் பார்த்தபடி இருக்கும். வென்றவர் வலையை இறக்கிக் கையை வெளியே நீட்டி ஆட்டினாலும், அது படிவரிசையில் இருப்பவர்களுக்குச் சரியாகத் தெரியாது. அவர்களுக்குத் தெரிவது காரின் ஆளில்லாத வலப்பக்கம்.

இந்த எளிய உண்மையைக் கவனித்து அதற்கு ஒரு வழி கண்டவர் ஆலன் குல்விக்கி.

தலைகீழாக ஒரு சுற்று

குல்விக்கி விஸ்கான்சின் மாநிலத்துக்காரர், இயந்திரப் பொறியியல் படித்தவர். பெரிய அணிகளின் சம்பளத்துக்குப் போகாமல், தன் சொந்த அணியைத் தானே நடத்தித் தானே ஓட்டியவர். 1988 நவம்பர் 6 அன்று ஃபீனிக்ஸில் நாஸ்காரின் உச்சத் தொடரான கப் பந்தயத்தில் முதன்முறையாக வென்றார். கொடி விழுந்த பிறகு காரைத் திருப்பி, எதிர்த்திசையில் மெதுவாக ஒரு முழுச் சுற்று வந்தார். அவ்வளவுதான் செய்தது. ஆனால் காரைத் திருப்பியதுமே ஓட்டுநரின் பக்கம் படிவரிசையை நோக்கி வந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஆட்டிய கையையும் உள்ளே இருந்த முகத்தையும் எல்லோரும் பார்த்தார்கள்.

அவர் போலந்து வம்சாவளியினர் என்பதால் அந்தச் சுற்றுக்குப் ‘போலிஷ் வெற்றிச் சுற்று’ என்று பெயர் வந்தது. போலந்துக்காரர்கள் எதையும் தலைகீழாகச் செய்வார்கள் என்ற பழைய அமெரிக்கக் கேலி அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. குல்விக்கி அந்தக் கேலியையே தன் அடையாளமாக எடுத்துக்கொண்டார்.

1992-இல் கப் தொடரின் ஆண்டுப் பட்டத்தை அவர் வென்றது பில் எலியட்டைவிட வெறும் 10 புள்ளிகள் கூடுதலாகப் பெற்று. அட்லாண்டாவில் நடந்த கடைசிப் பந்தயத்தில் முதலில் வந்தவர் எலியட். ஆனால் அதிகச் சுற்றுகள் முன்னணியில் இருந்தவருக்கான கூடுதல் புள்ளிகள் குல்விக்கிக்குப் போயின. எலியட் 102 சுற்றுகள், இவர் 103. அன்று இரண்டாவதாக வந்தவர்தான் தலைகீழ்ச் சுற்று சுற்றினார். ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 1993 ஏப்ரல் 1 அன்று, பிரிஸ்டல் பந்தயத்துக்குப் போகும் வழியில் விமான விபத்தில் இறந்துபோனார். மறுநாள் மழையில், அவருடைய காரை ஏற்றிவந்த லாரி முகப்பில் கறுப்பு மலர்வளையத்தோடு பிரிஸ்டல் பாதையை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியேறியது. அந்த வாரப் பந்தயத்தை வென்ற ரஸ்டி வாலஸ் எதிர்த்திசையில் சுற்றிவந்தார்.

அதற்குப் பிறகு இந்தச் சுற்றுக்கு அஞ்சலி என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. 2001 பிப்ரவரியில், நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயமான டேட்டோனா 500-இன் கடைசிச் சுற்றில், அதன் பெரும் நட்சத்திரமான டேல் எர்ன்ஹார்ட் விபத்தில் இறந்தார். அவருடைய கறுப்பு நிற 3-ஆம் எண் காருக்குப் பதிலாக, அதே அணி வெள்ளை நிறத்தில் 29 என்று எழுதிய காரைக் கொடுத்து கெவின் ஹார்விக் என்ற புதியவரை இறக்கியது. மூன்றாவது வாரமே அட்லாண்டாவில் அவர் ஜெஃப் கார்டனை 0.006 நொடியில் முந்தினார். பிறகு ஜன்னலுக்கு வெளியே மூன்று விரல்களை நீட்டியபடி பின்சக்கரங்களைப் புகையவிட்டார். 2018-இல் அதே அட்லாண்டாவில் மீண்டும் வென்றபோது, காரைத் திருப்பி, அதே மூன்று விரல்களோடு எதிர்த்திசையில் சுற்றினார். அதைப் பார்த்த யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: ஓட்டுநர் காருக்குள் மறைந்திருக்கிறார், அதிலும் ரசிகர்களுக்கு எதிர்ப்பக்கத்தில். தன்னைக் காட்டிக்கொள்ள அவர் காரைத்தான் கையாகவும் முகமாகவும் பயன்படுத்தவேண்டியிருக்கிறது. இனி வரும் புகையும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பர்ன்அவுட்: புகை எப்படி வருகிறது

நடக்கும்போது தரையில் ஊன்றிய பாதம் வழுக்குவதில்லை. ஒரு கணம் அங்கேயே நிற்கிறது, அதன்மேல் உடம்பு முன்னே போகிறது. ஒழுங்காக உருளும் டயரும் அப்படித்தான்: தரையைத் தொடும் பகுதி அந்தக் கணத்தில் தரையோடு ஒட்டி நிற்கிறது. இந்த ஒட்டுதலைப் பிடிமானம் என்போம். பிடிமானத்தால் தாங்க முடிகிற அளவைவிட அதிக விசையை இன்ஜின் கொடுத்தால் டயர் அதே இடத்தில் சுழலத் தொடங்கும். சேற்றில் மாட்டிய வண்டியின் சக்கரம் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சேறு தெறிக்கிறது. காய்ந்த தார்ச்சாலையில் தெறிக்கச் சேறு இல்லை, டயர்தான் தேய்கிறது.

பர்ன்அவுட் என்பது பின்சக்கரங்களை மட்டும் இப்படி வேண்டுமென்றே சுழலவிடுவது. முன்சக்கரங்கள் காரைப் பிடித்து நிறுத்தவேண்டும், பின்சக்கரங்கள் தடையில்லாமல் சுற்றவேண்டும். ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு திருகு இருக்கிறது. பிரேக்கின் வலுவில் எவ்வளவு முன்சக்கரத்துக்கு, எவ்வளவு பின்சக்கரத்துக்கு என்று பங்கு பிரிக்க அது உதவும். அதை முன்பக்கமாகத் திருப்பிவிட்டு, ஒரு காலால் பிரேக்கையும் மற்றக் காலால் ஆக்சிலேட்டரையும் மிதித்தால் போதும்.

உள்ளங்கைகளை வேகமாகத் தேய்த்தால் சூடேறுகிறதல்லவா, அதே உராய்வுதான் இங்கேயும். டயரின் மேற்பரப்பு இளகி, ரப்பரில் கலந்திருக்கும் எண்ணெய்கள் ஆவியாகின்றன. வெளிக்காற்றில் பட்டதும் அந்த ஆவி நுண்துளிகளாகக் குளிர்ந்து வெண்மேகமாகத் தெரிகிறது. இட்லிப் பானையின் மூடியைத் திறந்ததும் எழும் வெள்ளைப் படலமும் இப்படிக் குளிர்ந்த துளிகள்தான். வாசனை மட்டும் நேர்மாறு. எனவே என் அத்தை மகன் பார்த்ததில் நெருப்பு இல்லை. பெரும்பகுதி எண்ணெய்த் துளிகள்.

டோனட் என்பது இதற்குத் தம்பி. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துவிட்டு அதே காரியத்தைச் செய்தால் கார் நிற்காமல் வட்டமடிக்கும். கணிதப் பெட்டியில் இருக்கும் கவராயம் போல முன்பகுதி ஊசிமுனையாகவும், பின்பகுதி வட்டம் வரையும் பென்சிலாகவும் ஆகிவிடுகின்றன. பலரும் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார்கள். நின்ற இடத்தில் புகைத்தால் பர்ன்அவுட், வட்டமடித்தால் டோனட்.

தாத்தா காலத்தில் இது இல்லை

200 பந்தயங்கள் வென்ற ரிச்சர்ட் பெட்டி இதையெல்லாம் செய்து பேர் வாங்கியவர் அல்லர். அவர் காலத்தில் வென்றவர் கையை ஆட்டிவிட்டு, பரிசளிப்பு நடக்கும் விக்டரி லேன் என்ற அடைப்புக்கு நேரே போய்விடுவார். புகையும் வட்டமும் 1990-களின் பிற்பகுதியில்தான் வழக்கமாயின. வேறொரு அமெரிக்கத் தொடரில் ஓட்டிய இத்தாலியர் அலெக்ஸ் ஸனார்டி அப்போது டோனட்டுக்குப் பெயர் பெற்றிருந்தார்.

நாஸ்காரில் அதற்கு ஒரு பெரிய காட்சியும் அமைந்தது. மற்றப் பெரிய பந்தயங்களையெல்லாம் வென்றுவிட்டு டேட்டோனா 500-ஐ மட்டும் வெல்ல முடியாமல் தவித்த எர்ன்ஹார்ட், 1998-இல் தன் இருபதாவது முயற்சியில் வென்றார். கார்களைப் பழுதுபார்க்கும் பிட் பாதை நெடுக எதிரணிகளின் ஆட்களெல்லாம் வரிசையாக நின்று, ஊர்ந்துபோகும் காருக்குள் கையை நீட்டி அவர் கையைத் தொட்டார்கள். பிறகு அவர் காரைப் புல்தரைக்குள் விட்டு வட்டமடித்தார். புல்லில் 3 என்ற எண் போல ஒரு தடம் விழுந்தது.

ஆளுக்கொரு முத்திரை

கார்ல் எட்வர்ட்ஸ் பந்தயங்களில் ஓட்டிய காலத்தில் ஜன்னல் விளிம்பில் ஏறி நின்று பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்துத் தரையில் இறங்குவார். டோனி ஸ்டூவர்ட் 2005-இல் டேட்டோனாவில் பார்வையாளர் பக்கத்து வேலியில் ஏறினார். இன்டிகார் என்ற வேறொரு பந்தயத் தொடரின் வீரர் ஹேலியோ காஸ்ட்ரோநெவெஸிடமிருந்து எடுத்துக்கொண்டது அது. இண்டியனாபோலிஸ் பாதை ஒருகாலத்தில் செங்கல் பாவியது; இன்றும் தொடக்கக் கோட்டில் ஒரு கஜம் அகலத்துக்குச் செங்கல்லை விட்டுவைத்திருக்கிறார்கள். 1996-இல் அங்கே வென்ற டேல் ஜாரெட்டும் அவருடைய காரைத் தயார்செய்யும் குழுவின் தலைவர், அதாவது க்ரூ சீஃப், டாட் பாரட்டும் மண்டியிட்டு அந்தச் செங்கலை முத்தமிட்டார்கள். இன்று அங்கே வெல்பவர் எல்லோரும் முத்தமிடுகிறார்கள்.

எனக்குப் பிடித்தது ராஸ் சாஸ்டெயினின் தர்ப்பூசணி. ஃப்ளோரிடாவில் தலைமுறை தலைமுறையாகத் தர்ப்பூசணி பயிரிடும் குடும்பம். இவர் எட்டாவது தலைமுறை. 2022-இல் டெக்சஸின் ஆஸ்டின் நகரில் முதல் கப் வெற்றி கிடைத்ததும் கார் கூரையில் ஏறி நின்று, ஒரு முழுப் பழத்தைத் தலைக்கு மேலே தூக்கித் தரையில் ஓங்கிப் போட்டார். சிவப்புச் சதை நாலாபக்கமும் சிதறியது. 2025-இல் சார்லட்டில் 600 மைல் பந்தயத்தைக் கடைசி இடமான 40-இலிருந்து தொடங்கி வென்றபோதும் ஒரு பழம் உடைந்தது. சூறைத்தேங்காய் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

ஆபத்தும் உண்டு. 2025 ஆகஸ்டில் வாட்கின்ஸ் கிளென் பாதையில் இரண்டாம் நிலைத் தொடரில் வென்ற 19 வயது கானர் ஸிலிஷ், காரிலிருந்து எழுந்து நிற்கும்போது கால் வழுக்கிக் கீழே விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். பந்தயம் முழுவதும் உடம்பில் ஒரு கீறல் இல்லை!

தொப்பி மாற்றும் படலம்

புகை அடங்கியதும் விக்டரி லேன். தொலைக்காட்சியில் காட்டாத ஒரு வேலை அங்கே நடக்கிறது. காருக்குப் பணம் கொடுத்த நிறுவனங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் தன் தொப்பியோடு வெற்றியாளர் நிற்கும் படம் வேண்டும். ஓட்டுநரும் அணியினரும் வரிசையாக நின்று ஒரு தொப்பியைப் போட்டுக்கொள்கிறார்கள், விரலை உயர்த்துகிறார்கள், படம். கழற்றுகிறார்கள், அடுத்த தொப்பி, அதே விரல், அதே சிரிப்பு, படம். தொப்பி நடனம் என்பது அங்கே வழங்கும் பெயர். கேட்பதற்குச் சலிப்பாக இருந்தாலும், அடுத்த வாரம் கார் ஓடுவதற்கான பணம் இங்கிருந்துதான் வருகிறது.

கோப்பைகளும் ஊருக்கு ஊர் மாறும். வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் 1964 முதல் ஆள் உயர ஊசல் கடிகாரத்தைப் பரிசாகத் தருகிறது. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் டிரக் தொடரில் முதன்முதலாக ஓட்டியது அந்த மார்ட்டின்ஸ்வில்லில்தான். கடிகாரம் கிடைக்கவில்லை.

புகைக்குப் பின்னால் ஒரு சந்தேகம்

வென்ற காரைப் பந்தயம் முடிந்ததும் அளந்து பார்ப்பார்கள். விதிக்கு மீறி எதையும் வளைத்திருக்கிறார்களா என்று பார்க்கும் இந்தச் சோதனைதான் பந்தயத்துக்குப் பிந்தைய ஆய்வு. காரின் பின்பகுதியில் ஒரு சிறு வளைவு மாறினாலும், காரைத் தரையோடு அழுத்தும் காற்றின் விசை மாறிவிடும்; திருப்பத்தில் வேகம் கூடும்.

இப்போது பர்ன்அவுட்டை நினைத்துப் பாருங்கள். ரப்பர் தேய்ந்து முடிந்ததும் டயர் வெடிக்கும். அறுந்த பட்டைகள் சாட்டை போலச் சுழன்று பின்பக்கத் தகட்டை அடித்துக் கிழிக்கும். கிழிந்த தகட்டை எப்படி அளப்பது? 2011 அக்டோபரில் டல்லடேகா பந்தயத்துக்கு முன்பு, க்ரூ சீஃப் சாட் நாஸ் தன் ஓட்டுநர் ஜிம்மி ஜான்சனிடம், வென்றால் காரின் பின்பக்கத்தைச் சேதப்படுத்திவிடும்படி சொன்னது ஒலிப்பதிவில் சிக்கியது. ஜான்சன் வெல்லவில்லை, தண்டனையும் இல்லை. சந்தேகம் மட்டும் நிலைத்துவிட்டது. 2017-இல் எர்ன்ஹார்ட்டின் மகனும் ஓட்டுநருமான டேல் எர்ன்ஹார்ட் ஜூனியரே, டயர் வெடிக்கும் அளவுக்குப் போகும் பர்ன்அவுட்களை நாஸ்கார் கவனிக்கவேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார்.

2019 முதல் ஆய்வில் தோற்றால் வெற்றியே பறிபோகும் என்று விதி கடுமையானது. 2022 ஜூலையில் போகோனோவில் முதலில் வந்த டெனி ஹாம்லினும் இரண்டாவது வந்த கைல் புஷ்ஷும் அப்படித் தகுதியிழந்தார்கள். மூன்றாவதாக வந்த சேஸ் எலியட் வெற்றியாளர் ஆனார். கப் தொடரில் 1960-க்குப் பிறகு வென்றவர் தகுதியிழந்தது அதுவே முதல்முறை.

சுருக்கமாக: புகை என்பது உராய்வு. அளவோடு நின்றால் வாணவேடிக்கை. டயர் வெடிக்கும்வரை போனால் தடயமும் அழியலாம். எல்லா பர்ன்அவுட்டும் ஏமாற்று என்று சொல்வது அபாண்டம்.

ரசிகர்கள் என்ன சொல்கிறார்கள்

ரசிகர்கள் ஒரு குரலில் பேசுவதில்லை. வாராவாரம் அதே புகை, யார் வென்றாலும் ஒரே காட்சி என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. பிள்ளைகளை அழைத்துவந்தவர்களோ, பிள்ளைகள் காத்திருப்பதே அந்தப் புகைக்குத்தான் என்பார்கள். இன்ஜினையும் காரையும் காசு கொடுத்து வாங்கியவன் வயிறு எரியாதா என்று கேட்கும் சிக்கனவாதிகளும் இருக்கிறார்கள்.

சூடு ஏறுவது பெரும்பாலும் எப்படிக் கொண்டாடினார் என்பதைவிட, யார் கொண்டாடினார் என்பதில்தான். 2007 ஏப்ரலில் ஜெஃப் கார்டன் எர்ன்ஹார்ட்டின் 76 வெற்றிகளைச் சமன் செய்தபோது, 3 என்று எழுதிய கறுப்புக் கொடியைப் பிடித்துச் சுற்றிவந்து மரியாதை செய்தார். அடுத்த வாரம் டல்லடேகாவில் 77-ஆவது வெற்றி. எர்ன்ஹார்ட் பக்கத்து ரசிகர்கள் பியர் டப்பாக்களை அவர் காரை நோக்கி எறிந்தார்கள். மரியாதை செய்தும் பயனில்லை.

2009-இல் நாஷ்வில்லில் கைல் புஷ், ஓவியர் சாம் பாஸ் கையால் வண்ணம் தீட்டிய கிட்டார் கோப்பையை விக்டரி லேனிலேயே தரையில் அடித்து உடைத்தார். அணியில் ஆளுக்கொரு துண்டு கொடுக்கத்தான் என்றார். ராக் இசைக்காரர் உடைப்பது போல என்று சிலர் ரசித்தார்கள். ஒருவர் உழைப்பை உடைத்தது என்று பலர் பொங்கினார்கள். நான் இரண்டாவது கட்சி. 2021-இல் மார்ட்டின்ஸ்வில்லில் தன்னை இடித்துச் சுழற்றிவிட்டு வென்ற அலெக்ஸ் போமன் பர்ன்அவுட்டுக்குத் தயாரானபோது, டெனி ஹாம்லின் தன் காரை நேர் எதிரே கொண்டுபோய் மூக்கோடு மூக்கு முட்ட நிறுத்தினார். இடிபட்டவர் அவர். கூட்டம் கூச்சலிட்டதும் அவரைப் பார்த்துத்தான்.

ஓட்டுநரே இல்லாமல் நடக்கும் கொண்டாட்டம் ஒன்றும் உண்டு. ஜார்ஜியா மாநிலத்தில் டாசன்வில் ஒரு சிற்றூர். எலியட் குடும்பத்தின் சொந்த ஊர். அங்கே பில்லியர்ட்ஸ் ஆடும் பழைய உணவகம் ஒன்றின் கூரையில் ஆலைச் சங்கு போல ஒரு சைரன் இருக்கிறது. பில் எலியட் வென்றால் அதை ஊதுவார்கள். இப்போது மகன் சேஸ் வென்றால் ஊதுகிறார்கள். பந்தயம் எந்த ஊரில் நடந்தாலும் சரி, வீட்டில் தொலைக்காட்சி பார்க்காதவர்களுக்கும் முடிவு தெரிந்துவிடும்.